கறுப்பு அட்டையும் சிவப்பு அட்டையும்

நவம்பர் 3, திங்கள்

மழை. தெமோதரையிலிருந்து பதுளை வரை பஸ்ஸில் நின்றபடி. நான் வேலை பார்க்கும் கடையில் காலை முழுக்கக் கரண்ட் இல்லை. போட்டோ கொப்பி எடுக்க வந்தவர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நல்லது ஒன்று: சிவப்பு அட்டை நாவல் வரிசையின் கடைசிப் பாகத்தைப் படித்து முடித்தேன். இனி பிரேமாவோடு தாராளமாகச் சண்டை போடலாம். அவளுக்குத் தேயிலைத் தோட்டத்தில் பக்கத்து லய வரிசையில் வீடு, டவுனில் துணிக்கடை வேலை. இருவருக்கும் ஒரே பைத்தியம், ரத்தக்காட்டேரிக் காதல் கதை. எனக்குக் கறுப்பு வரிசை, அவளுக்குச் சிவப்பு.

கறுப்பு: கதாநாயகி கூப்பிட்டால்தான் காட்டேரி உள்ளே வருவான். மூன்றாம் பாகம் வரை வாசலிலேயே. கொஞ்சம் அறுவை. பேச்சு மட்டும் அருமை.

சிவப்பு: கேட்கவே மாட்டான். ஜன்னல் வழியாக வந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். கீழே வைக்க முடியாத வேகம். ஆனால் இரண்டாம் பாகத்துக்குப் பிறகு அவளுடைய தோழிகளையே காணோம். எங்கே போனார்கள்?

பஸ்ஸில் பிரேமா: "ஒன்னோட ஆளு வாசல்லயே நின்னு வேர் விட்டுருவான்டி." சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

நவம்பர் 5, புதன்

பனிமூட்டம். அம்மா இருமிக்கொண்டே கொழுந்து பறிக்கப் போனார்.

பிரேமா பஸ்ஸுக்கு வரவில்லை. ஜீவன் பைக்கில் கொண்டுவந்து விட்டானாம். பண்டாரவளைக்காரன், லொறி ஓட்டுகிறான். அவளைக் காதலிக்கிறான், அவள் வீட்டுக்குத் தெரியாது. மெதுவான பேச்சு. என்னைப் பார்த்து ஒருமுறைகூடச் சிரித்ததில்லை.

மத்தியானம் அவள் வந்து, "இனிமே ஒன்னோட சாப்பிட வேணாங்கிறாரு. அந்த நேரம் அவருக்கு போன் பேசணுமாம்" என்றாள்.

ரொட்டி மிஞ்சியது.

நவம்பர் 7, வெள்ளி

பிரேமா போனை நீட்டினாள். ஜீவன் அனுப்பிய மெசேஜ்: "சுவத்துப் பக்கம் திரும்பிப் படுக்கிறப்ப ஒன் முடியெல்லாம் தலகாணி மேல. எவ்வளவு அழகு."

"அவரு எப்படிடி பாத்தாரு?"

அவள் முகம் சிவந்தது. "சிவப்பு புக்குல வர்ற மாதிரியே இல்ல?"

"அது கதைடி."

"ஒனக்கு ஆளு இல்ல. அதான் எரியுது."

திரும்பி வரும்போது வேறு சீட்டில் உட்கார்ந்தாள். அவன் அந்த வீட்டுக்குள் கால் வைத்ததே இல்லை. அதுதான் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

நவம்பர் 8, சனி

கடை அரை நாள். பிரேமா இன்னும் வேலையில். விறகு பொறுக்குவது போல அவள் லயத்தின் பின்பக்கம் போனேன்.

ஜன்னலுக்குக் கீழே, தண்ணீர் ஓடும் கான் ஓரமாக, கவிழ்த்து வைத்த பெயின்ட் தகரம். சேற்றில் சப்பாத்துத் தடம், பழையதன் மேல் புதியது. ஜன்னல் பலகையில் ஒரு இடுக்கு. தகரத்தில் ஏறிப் பார்த்தேன். கட்டில். தலையணை.

சிவப்பு வரிசையில் அந்த ஜன்னல் கட்டத்தை நானே எத்தனை தடவை ஆசையாய்ப் படித்திருக்கிறேன். அதில் சேறு இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பகல் வெளிச்சத்தில் பிரேமாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். தடத்துக்குப் பக்கத்தில் தன் காலை வைத்துப் பார்த்தாள். தகரத்தை எடுத்துக் கானுக்குள் எறிந்தாள். அங்கேயே நின்று அவனுக்கு எழுதினாள்: "இனிமே இப்படி வராதீங்க. முன்பக்கமா வந்து எங்க அம்மாகிட்ட கேளுங்க."

உடனே பதில்: "நான் யார்கிட்டயும் கேக்கத் தேவையில்ல."

இன்னொன்று: "தகரத்த ஏன் தூக்கிப் போட்ட?"

இருவரும் மேலே பார்த்தோம். தேயிலைச் சரிவு முழுக்கப் பனி. ஒன்றும் தெரியவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். திட்டுவார் என்று நினைத்தோம். எழுந்து போய் அந்த இடுக்கில் துணியை அடைத்துவிட்டு, "காலையில பொலிசுக்குப் போவோம்" என்றார்.

நவம்பர் 10, திங்கள்

மூவரும் போனோம். வெளியே அவனுடைய பைக் போல ஒன்று. அவனுடையதுதானா தெரியாது. பிரேமா அதைப் பார்த்தும் நிற்காமல் உள்ளே நடந்தாள்.

பெண் அதிகாரி. நிறுத்தி நிறுத்தித் தமிழில் கேட்டு எழுதிக்கொண்டார். மெசேஜ்களைப் பார்த்தார். பிறகு: "எத்தனை நாளா வந்து பாக்கிறாரு?"

பிரேமா சொன்னாள்: "தெரியாது மேடம். நான் தூங்கிக்கிட்டுத்தானே இருந்தேன்."