பக்கத்து சீட்டின் காலடி

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, சின்னவள் மூவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகளும் அப்படியே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் பேனாவை எடுத்திருக்கிறேன். அடிக்கடி போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். உன் தங்கையும் அதையேதான் கேட்டாள், "அண்ணனுக்கு ஒரு மெசேஜ் தட்டிவிட்டா முடிஞ்சுது, இதுக்குப் போய் தபால் ஆபீஸ் வரைக்கும் நடக்கணுமா" என்று. நீ போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறாய், மருமகள் பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள், மெசேஜ் அனுப்பினாலும் முதலில் அவளுக்குத்தான் படித்துக் காட்டுவாய். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அப்படி இருப்பதில் சந்தோஷம்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தை அவள் காதில் விழாமல் உன்னிடம் சொல்லியாக வேண்டும், அதனால்தான் வீட்டுக்கு அனுப்பாமல் உன் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சீட் கவர் கடையிலேயே, துணி வெட்டுகிற மேஜையில் வைத்து எழுதுகிறேன், தாளில் சாக்பீஸ் தூள் ஒட்டியிருந்தால் தட்டிவிட்டுப் படி.

நீ கார் வாங்கிய செய்தி வந்ததிலிருந்து அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பால் போடுகிறவர், மேல்வீட்டுக்காரர், பல் டாக்டர் வீட்டில் காத்திருந்த ஆட்கள், யாரையும் விட்டுவைக்கவில்லை, போனை நீட்டி நீட்டிக் காட்டுகிறார். பழைய கார்தானே என்று மேல்வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார், "பழசா இருந்தா என்ன, டாக்டர் ஓட்டின வண்டி" என்று இவர் சண்டைக்குப் போய்விட்டார். உனக்கு விற்றவன் அப்படித்தான் சொன்னானாம். எங்கள் கடைக்கு வருகிற செகண்ட் ஹேண்ட் கார் எல்லாமே டாக்டர் ஓட்டியதுதான், இந்த உலகத்தில் டாக்டர்கள் மருத்துவம் பார்த்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் கார் ஓட்டித்தான் விற்றிருக்கிறார்கள் போல. சரி, அது கிடக்கட்டும். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, நீ அனுப்பிய படங்களில் காரின் உள்பக்கத்தைப் பார்க்கிற வரைக்கும். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நேற்று ஒரு வாடிக்கையாளரின் சீட் கவருக்கு ஜிப்பைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன், முழுவதையும் பிரித்துத் திரும்பத் தைத்தேன், முதலாளி கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஒரு பார்வை பார்த்தார். வீட்டில் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவுகிறேன் என்று அப்பா சொல்கிறார். டிவியில் வானிலை சொல்கிறவர் உங்கள் பக்கம் மழை ஆரம்பிக்கப் போகிறது என்று சொன்னால் சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது. உன் வீட்டிலிருந்து மருமகள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு இறக்கமான ரோடு, வளைவு வளைவாகப் போகும் என்று நீதான் சொன்னாய், தினமும் காலையில் அதில்தான் அவளை உட்காரவைத்து இறங்குகிறாய்.

படத்தில் என்ன பார்த்தேன் என்று சொல்கிறேன், சிரிக்காமல் கேள். நீ எனக்குக் காட்ட நினைத்தது ஓட்டுகிறவர் சீட்டில் இருந்த கிழிசலை, இதற்கு எந்த ரெக்சின் பொருந்தும் என்று கேட்டிருந்தாய். என் கண் கீழே போனது. பக்கத்து சீட்டில் கால் வைக்கிற இடத்து மேட் முன்பக்கமாக, வலது கால் படுகிற இடத்தில் தேய்ந்து நூல் தெரிகிறது. ஓட்டுகிறவர் பக்கத்து மேட் குதிகால் படுகிற இடத்தில் தேயும், அது எல்லா வண்டியிலும் உள்ளதுதான். பக்கத்து சீட்டில் அப்படித் தேய வேலையே இல்லை, அங்கே மிதிக்க ஒன்றும் கிடையாது. அங்கே உட்கார்ந்திருப்பவர் பயத்தில் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துத்தான் அது அப்படித் தேயும். மேட்டை மாற்றச் சொல்லி வருகிற வண்டிகளில் இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், நம் வீட்டுக் காரிலேயே என் பக்கத்து மேட் ஓட்டைதான். அப்பா எந்த சிக்னலிலும் முன்வண்டியின் நம்பர் பிளேட்டைப் படித்து முடித்த பிறகுதான் பிரேக்கில் கால் வைப்பார், நான் அதற்குள் என் பக்கத்தில் மிதித்திருப்பேன். "நீ ஏன் சீட்ல உக்காந்து வர்றே, நடந்தே வந்திருக்கலாமே" என்பார். நான் மிதிப்பதோடு விடமாட்டேன், வாயையும் திறந்துவிடுவேன், அது உனக்கே தெரியும்.

டாக்டரோ யாரோ, அந்தக் காரில் முன்பு பக்கத்தில் உட்கார்ந்து போனவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். ஓட்டியவர் முரடாக ஓட்டியிருக்கலாம், பிரேக் சரியில்லாமலும் இருந்திருக்கலாம், மேட்டைப் பார்த்து அதைச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் போன வாரம் நீ பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாய், "பிரேக் பெடல் கொஞ்சம் உள்ள வரைக்கும் போகுதும்மா, இப்ப பழகிடுச்சு" என்று. அப்போது அது என் காதில் சரியாக ஏறவில்லை. மேட்டைப் பார்த்த பிறகு இரண்டையும் சேர்த்து நினைத்ததும் தைத்ததை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். கடைக்குப் பக்கத்தில் பிரேக் வேலை பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார், உனக்குத் தெரியும், அவருடைய சொந்தக் காரின் பின்கதவைக் கயிறு போட்டுக் கட்டித்தான் ஓட்டுவார், அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, "பெடலுக்கு நாம பழகக் கூடாதுக்கா, பெடல்தான் நமக்குப் பழகணும், அவனை இன்னைக்கே ஓட்டுறத நிறுத்தச் சொல்லுங்க" என்றார். எனக்கு இருந்த பதற்றம் போதாதென்று அவர் வேறு இப்படிச் சொல்லிவிட்டார்.

நீ என்னென்ன செய்யப்போகிறாய் என்று சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. சீட் கவர், பெரிய ஸ்கிரீன் வைத்த பாட்டுப்பெட்டி, பாலிஷ், பளபள சக்கரம். கையில் மிச்சமிருக்கிற பணம் இத்தனைக்கும் காணாது என்று உனக்கே தெரியும், இதில் ஒன்றுகூட வண்டியை நிறுத்தாது, மினுக்கத்தான் செய்யும். நான் சீட் கவர் தைத்துப் பிழைக்கிறவள், சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன், பழைய கார் வாங்கிய கையோடு எங்கள் கடைக்கு வருகிற பாதிப் பேர் முதலில் பக்கத்துப் பிரேக் கடைக்குப் போயிருக்க வேண்டியவர்கள். உன் மாமனார் அடுத்த மாதம் வருகிறார், கிழிந்த சீட்டை அவர் பார்த்துவிடுவாரே என்று உனக்குக் கூச்சமாக இருக்கிறது, அதுதானே விஷயம். எனக்குப் புரியாமல் இல்லை. போன தடவை வந்தபோது வாடகை வீட்டைப் பார்த்து அவர் குத்தலாகச் சொன்னதை நீ இன்னும் மென்று விழுங்கிக்கொண்டிருக்கிறாய். ஒரு நல்ல துண்டை விரித்து விடு, பிரேக் வேலை முடிந்த பிறகு அவரே ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேட்டால் ஓட்டட்டும், அவர் உட்கார்ந்துவிட்டால் அந்த அகலத்துக்குக் கிழிசல் எங்கே தெரியப்போகிறது.

பிரேக் கடைக்காரர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எனக்கு இன்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாது, தப்பாக எழுதியிருந்தால் அங்கே இருக்கிற மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள். முதலில் பிரேக், வேறு எதுவும் கிடையாது. பிரேக் பேடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது, டிஸ்க்கில் கோடு விழுந்திருக்கிறதா, எங்காவது ஒழுகுகிறதா, நாலு சக்கரத்தையும் கழற்றி உன் கண் முன்னால் பார்க்கச் சொல், பிரேக் ஆயிலை மாற்றச் சொல், பழையது தண்ணீர் கோத்துப் போயிருந்தால் பெடல் உள்ளே போகுமாம், இறக்கத்தில் சூடானால் பிடிக்காமலே போய்விடுமாம். ஓட்டிக்கொண்டு போகாதே, மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல், இல்லை கட்டி இழுத்துப் போகச் சொல், அதற்கு ஆகிற செலவை நான் தருகிறேன். சக்கரத்தைக் கழற்றும்போதே டயரையும் பார்த்துவிடலாம், மேலே பார்க்க நல்லாத்தான் இருக்கும், ஓரத்தில் போட்டிருக்கிற நம்பரில் எந்த வருஷத்து டயர் என்று இருக்குமாம், பழசானால் கோடு தேயாமல் புதுசு மாதிரி இருந்தாலும் ஈர ரோட்டில் வழுக்கும் என்கிறார். நாலையும் மாற்றக் காசு இல்லையென்றால் மோசமான இரண்டை முதலில் மாற்று, எந்தப் பக்கம் போடுவது என்று அவர்களையே கேள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று ஒரு தடவை அமுக்கிப் பார். வைப்பர் ரப்பரும் லைட்டும் கொஞ்சக் காசுதான், மழைக்கு முன்னால் அதையும் முடித்துவிடு. அதற்கப்புறம் இன்ஜின் ஆயில், ஃபில்டர், போன ஆள் எப்போது மாற்றினான் என்று தெரியாததால் மாற்றியே இல்லை என்று வைத்துக்கொண்டு மாற்றிவிடு. இன்ஜினுக்குள் ஒரு பெல்ட் இருக்கிறதாம், டைமிங் பெல்ட், சில வண்டிக்கு அது கிடையாது, இருந்தால் அறுவதற்கு முன்னால் மாற்ற வேண்டும், அறுந்தால் இன்ஜினே போய்விடும், கையைக் கடிக்கிற செலவு, அதற்கு அடுத்த இரண்டு மாதச் சம்பளத்தில் கொஞ்சம் ஒதுக்கி வை. ஏசி சத்தம் போட்டால் போடட்டும், ஜன்னல் கண்ணாடியை இறக்கினால் காற்று வரும். பாட்டு வேண்டுமென்றால் நீயே பாடு, அவள் உன்னைக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அதைத்தானே பொறுத்துக்கொண்டிருக்கிறாள்.

இனி சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ குளிக்கப் போயிருந்தபோது அவள் எனக்குப் போன் செய்தாள், எப்போதும் போல ஏதேதோ பேசினோம். நடுவில், "வலது கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது அத்தை, என்ன தடவினா நல்லது" என்று கேட்டாள். மாடிப்படி ஏறி இறங்குவதால் இருக்கும் என்று அவளே சொல்லிக்கொண்டாள். நான் வெந்நீர் ஒத்தடம் கொடு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து மிஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தேன், என் வலது கால் பெடலில் அப்படியே நின்றுவிட்டது. நீங்கள் இருப்பது தரைதள வீடு. ஆஸ்பத்திரியில் லேபுக்குப் போக லிஃப்ட் இருக்கிறது என்று அவள்தான் முன்பு சொன்னாள். எந்த மாடிப்படி? இடது காலுக்கு வலி இல்லையா, இரண்டு காலாலும்தானே படி ஏறுவார்கள்? துணியை இழுத்ததில் ஊசி உடைந்தது, மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டேன். அந்த மேட்டை முதலில் தேய்த்தது யாரோ, இப்போது அதே இடத்தில் அவள் மிதித்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் நினைப்பது தப்பாகவே இருக்கட்டும், எனக்கு அதுதான் வேண்டும்.

ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று அவள் மேல் கோபப்படாதே. போன மழையில் பஸ்ஸுக்கு நின்று நனைந்து காய்ச்சலில் படுத்தாளே, அதற்காகத்தான் இந்தக் காரையே வாங்கினாய், எல்லோரிடமும் அப்படித்தான் சொல்கிறாய். உனக்காக வாங்கினேன் என்று ஒருவன் ஆசையாகக் கதவைத் திறந்துவிடும்போது எனக்குப் பயமாக இருக்கிறது என்று எந்தப் பெண் சொல்வாள்? நானாக இருந்தால் கத்தியிருப்பேன், அவளுக்கு அது வராது, மனதில் உள்ளதை எல்லாம் காலில் இறக்கி வைக்கிறாள். நான் எழுதினேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம். கால் வலிக்கிறதா என்று கேட்டுப் போய் நிற்காதே, இல்லை என்றுதான் சொல்வாள். பிரேக்கைச் சரிசெய்து முடி, அதுவரை இருவரும் பஸ்ஸில் போங்கள், நீயும் அவளோடு பஸ் ஸ்டாப்பில் நில், குடையை நீ பிடி.

இதோடு ஒரு பொட்டலம் வரும், சீட் கவர் என்று நினைத்து ஆசையாகப் பிரிக்காதே. சீட் கவர் நிச்சயம் தைத்துத் தருவேன், அதற்கு ஒரு வருஷம் ஆனாலும் பரவாயில்லை. உள்ளே இருப்பது ஒரே ஒரு மேட், பக்கத்து சீட்டின் காலடிக்கு மட்டும். படத்தைப் பார்த்து அளவு எடுத்து வெட்டியது, ஓரம் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். கிட்டத்தட்ட வெள்ளை நிறத்தில் எடுத்திருக்கிறேன், சீக்கிரம் அழுக்காகும் என்று முதலாளி தடுத்தார், ஆகட்டும் என்றுதான் எடுத்தேன். பிரேக் வேலை முடிந்த அன்று பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு இதைப் போடு, அதற்கு முன்னால் போடாதே.

அப்பா உன்னை விசாரித்தார், காரை எப்போது இங்கே ஓட்டி வருவாய் என்று கேட்கச் சொன்னார், அவருக்கு நீ பதில் எழுத வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன். சின்னவளுக்குப் புது வேலை கிடைக்கும் போலிருக்கிறது, கிடைத்த பிறகு சொல்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துணையாக, நோய்நொடி இல்லாமல், போன இடத்திலிருந்து பத்திரமாகத் திரும்பி வருகிறவர்களாக நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். அடுத்த விடுமுறைக்கு வரும்போது மறக்காமல் அந்த மேட்டைச் சுருட்டி எடுத்து வா. உன்னிடமும் அவளிடமும் நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், அதைக் கையில் வாங்கி, வலது கால் படுகிற இடத்தை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துக்கொள்கிறேன்.

நீங்கள் இருவரும் போய்வருகிற வழியெல்லாம் உங்களை நினைத்துக்கொண்டே இருக்கும்,
அம்மா