நெமேசியாவின் ரெண்டு கேப்சூல்

செனோவியோ,

நீங்க அசந்து தூங்குறீங்க. நேத்து போட்ட சண்டைக்கப்புறம் எழுப்ப மனசு வரல. இன்னிக்குக் கல்லறைத் திருநாள், நான் கல்லறைக்குக் கிளம்பிட்டேன். சூப்பு அடுப்புல இருக்கு, சுட வச்சுக் குடிங்க. சாவி பூந்தொட்டிக்குக் கீழ.

மேசையில உங்க தங்கச்சி நெமேசியாவுக்குப் படைச்சதைத் தொட்டுடாதீங்க. மதியம் வரைக்கும் அது செத்தவங்க பங்கு. குழந்தை உருவ ரொட்டி, கோழி, கூடவே அவளோட மூட்டுவலி கேப்சூல் டப்பா. "செத்தவளுக்கு முட்டி வலிக்குமாடி?"ன்னு நேத்து சிரிச்சீங்களே, கேளுங்க.

பூனைநகக் கொடியோட பட்டைத்தூள்னு சொல்லி ரெண்டு வருஷம் அவளுக்கு நான் அடைச்சுக் கொடுத்தது வெறும் உருளைக்கிழங்கு மாவு. பட்டைக்கே சரியான ஆதாரம் இல்லைன்னு டாக்டரம்மா சொன்னாங்க. அப்ப எதை அடைச்சா என்னன்னு தோணிச்சு. அந்த மாவைத் தின்னுட்டுத்தான் அவ தினம் மாடிப்படி ஏறினா. ஒரு நாள் கோவத்துல உண்மையைக் கொட்டிட்டேன். அதுக்கப்புறம் அவ ஒரு படி ஏறல. கீழ் அறையிலயே போய்ச் சேந்தா.

நேத்து நான் வச்சது அசல் பட்டைத்தூள். எண்ணி முப்பது வச்சேன். காலையில இருபத்தெட்டுதான் இருக்கு. அவ ஒரு நாளைக்குத் தின்னது ரெண்டு.

எர்மிலா

இடமில்ல, ஓரத்துல எழுதுறேன்: விடியக்காலம் மாடிப்படியில முட்டி சொடுக்குற சத்தம் கேட்டுச்சு. அந்த ரெண்டையும் நீங்க தின்னிருந்தா, நான் வந்ததும் சொல்லிடுங்க. தின்னலைன்னாலும், தின்னேன்னு சொல்லுங்க.