கோபுரத்துக் கொடி

1953 அக்டோபர் 4
மழை. சமையல்காரி எஃபியைத் தவிர யார் குரலும் கேட்கவில்லை. ஆகஸ்டில் தம்பி டார்க்வில் வேட்டைக்கு வந்தபோது கோபுரத்தில் கொடி ஏறியது, வாசல் கொள்ளாமல் கார்கள். பிரபு அவன்தானே. அவன் லண்டன் போனான், கொடி இறங்கியது, ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. கில்டோரன் மாளிகையில் நான் சுவரோடு சுவர்.

அக்டோபர் 9
டார்க்வில் போன் செய்தான். கூரை இருந்தால்தான் வீட்டுக்கு வரியாம். வசந்தத்தில் கூரையைப் பிரித்துவிடப் போகிறான். “எடின்பரோவுல உனக்கு ஒரு ஃபிளாட் பாத்துடறேன். கில்டோரன்ல உனக்குன்னு யாரு இருக்கா, கிரிஸெல்?” என்றான். யார் இருக்கிறார்கள்?

அக்டோபர் 10
எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 17
பெட்டியிலிருந்த கொடியில் பூஞ்சணம். நானே துவைத்தேன். நல்ல காற்று, கோபுரத்திலேயே ஏற்றிக் காயவிட்டேன். சாயங்காலத்துக்குள் டாக்டர் மனைவி திருமதி பெயர்ட், பாதிரியார், மீனோடு தபால்கார டூகல்ட்! தம்பி வரவில்லை என்றதும் எல்லோருக்கும் முகம் சிவந்துவிட்டது.

“மன்னிச்சுக்குங்க, லேடி கிரிஸெல். கொடி இல்லன்னா கதவைத் தட்டக்கூடாதுன்னு எங்க மாமியார் காலத்துலேருந்து பழக்கம். நீங்க தனியா இருக்கத்தான் பிரியப்படறீங்கன்னு நெனச்சோம்” என்றாள் திருமதி பெயர்ட்.

அடப்பாவிகளா. அப்பா போனதிலிருந்து இத்தனை வருஷமா நான் இந்த ஜன்னல்ல உக்காந்து— எஃபியைக் கேட்டேன். “உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்” என்கிறாள்! அழுகையும் சிரிப்புமாக வந்தது. எல்லோரையும் உட்காரவைத்து டீ கொடுத்தேன். மீனை எஃபி ஓட்ஸ் மாவில் புரட்டி வறுத்தாள்.

அக்டோபர் 18
டார்க்விலிடம் சொல்லிவிட்டேன்: எடின்பரோ வேண்டாம், வெளிவாசல் காவல் வீடு சும்மாதானே கிடக்கிறது, அதைக் கொடு. இரண்டே அறைதான் என்றான். போதும் என்றேன்.

1954 ஏப்ரல் 6
கூரைப் பலகைக் கற்களைப் பெயர்த்துக் கீழே போடுகிறார்கள். காதைப் பொத்திக்கொண்டேன். நான் பிறந்த அறைக்குள் மழை பெய்கிறது. தாங்கவில்லை.

ஏப்ரல் 22
டார்க்வில் மாளிகையைப் பார்க்க வந்தான். காவல் வீட்டில் என் துணி உலர்த்தும் கம்பத்தைப் பார்த்து நின்றுவிட்டான். “அது பிரபுவோட கொடி, கிரிஸெல்.”

“வீட்டுல ஆள் இருக்குன்னு சொல்றதுக்குத்தானே கொடி? நான் இருக்கேன்” என்றேன்.

காரில் ஏறிப் போய்விட்டான். பாவம், அவனுக்கும் அது பிறந்த வீடுதான். டீயாவது குடித்துவிட்டுப் போயிருக்கலாம்.

யாரோ தட்டுகிறார்கள். டூகல்டாகத்தான் இருக்கும். மீதியை அப்புறம் எழுத வேண்டும்.