ரிப்போர்ட்டர் தாத்தாவுடன் ஒரு மாலை

மே 4, ஞாயிறு

காலையிலேயே வெயில் முகத்தில் அறைகிறது. மலைக்கோட்டைப் பக்கம் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இன்றைய வேலை, மேல்மலை காட்டேஜுக்கு: படுக்கை விரிப்பு, தலையணை உறை, சமையல் எண்ணெய், பாசிப்பருப்பு. கொசுவத்தி வேண்டாம், அங்கே கொசு கிடையாது. மறந்து மறந்து வாங்கிவிடுகிறேன். சலவையிலிருந்து வந்த ஒரு விரிப்பில் மஞ்சள் கறை போகவில்லை. தனியாக எடுத்து வைத்தேன்.

தங்கராசுவுக்கு போன். எடுக்கவில்லை. பிறகு அவனே கூப்பிட்டான். "சீசன் பாய். மூச்சு விட நேரமில்ல. எல்லா ரூமும் ஃபுல்லு. நீங்க கெளம்பி வந்துறாதீக, படுக்க எடமில்ல. இந்தக் குளுருக்கு உங்க முட்டியும் தாங்காது."

நான் செய்தி எழுத, அவன் படம் எடுக்க, ஒரே பைக்கில் மாவட்டம் முழுக்கச் சுற்றியவர்கள். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்ததில் பெரும்பகுதியை அவன் பேச்சை நம்பித்தான் போட்டேன். பூண்டு வயலை ஒட்டி நாலு அறை, ஒரு வராந்தா. மேலே விருந்தாளிகளை அவன் பார்ப்பது, கீழே திண்டுக்கல்லில் இருந்து நான் சாமான் அனுப்புவது. பால் காய்ச்சிய நாளோடு சரி, அப்புறம் நான் மேலே போகவில்லை.

மனைவி நூர் விரிப்புகளை மடித்துக்கொண்டே: "மலையில வீடு வாங்குன மனுசன் மலையப் பாத்ததில்ல. அழுக்குத் துணி எடுக்கத்தான் பங்காளியாக்கும்."

பஸ் ஸ்டாண்டில் மூட்டையை ஏற்றிவிட்டேன்.

மே 6, செவ்வாய்

மேகமூட்டம். மழை இல்லை.

காட்டேஜில் தங்கிய ஒரு குடும்பம் மகளின் மூக்குக்கண்ணாடியை விட்டுவிட்டுப் போய்விட்டது. தங்கராசு அதை பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பியிருந்தான். அவர்கள் பழனி போய்விட்டுத் திருச்சிக்குத் திரும்பும் வழியில் என்னிடம் வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. பிரியாணிக் கடையில் சந்திப்பு. கணவன், மனைவி, பத்து வயதுப் பெண். கண்ணாடியைப் போட்டதும் அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அங்கிள், ரிப்போர்ட்டர் தாத்தா எப்ப கீழ வருவாரு?"

எனக்குப் புரியவில்லை. அவள் அப்பா சிரித்தார். "காட்டேஜ் ஓனர் சார். என்ன ஒரு மனுசன்! நீங்க அங்க வேல பாக்குறீங்களா?"

"சாமான் அனுப்புறேன்."

அதில் பொய் இல்லை. தொழில் பழக்கம்: நம்மைப் பற்றிச் சொல்லாமல் எதிராளியைப் பேசவிடுவது. அவர் போனில் காட்டேஜின் விளம்பரத்தைக் காட்டினார். 'ரிப்போர்ட்டர் தாத்தாவுடன் ஒரு மாலை. திண்டுக்கல்லின் மூத்த செய்தியாளர் நெருப்பருகே சொல்லும் உண்மைக் கதைகள்.' கீழே ஒரு பெரியவரின் படம். நான் இல்லை.

தோல் கிடங்குக்குள் சிறுத்தை புகுந்த கதையை அந்தப் பெண் எனக்கே சொன்னாள். என் செய்தி. "தாத்தாதான் கதவச் சாத்துனாரு, தனியா." கதவைச் சாத்தியது வாட்ச்மேன். நான் எதிர் மாடியில் நின்றேன்.

என் இலையில் பாதி அப்படியே இருந்தது.

மே 7, புதன்

தங்கராசுவிடம் கேட்டுவிட்டேன். மறைக்கவில்லை, சிரித்தான்.

"யாவாரம் பாய். பூண்டு போட்ட காடெல்லாம் இப்ப காட்டேஜு. ஒருத்தன் கண்ணாடித் தரை போட்டிருக்கான். ஒருத்தன் மரத்து மேல ரூம் கட்டிட்டான். நம்மகிட்ட என்ன இருக்கு? வராந்தா. உங்களத்தான் விக்க முடிஞ்சுது."

"என்னக் கேட்டிருக்கலாம்."

"கேட்டா நீங்களே வந்து உக்காருவீக. சிறுத்தை அடிச்சது எட்டு ஆடு இல்ல, ரெண்டு ஆடுன்னு திருத்திக்கிட்டே இருப்பீக. டூரிஸ்ட் எந்திரிச்சுப் போயிருவான்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சொன்னது உண்மைதான்.

கதை சொல்பவர் வத்தலகுண்டுப் பக்கத்து ஆள். முன்பு இன்சூரன்ஸ் ஏஜெண்ட். "நாக்குல சர்க்கரை பாய்" என்றான் தங்கராசு.

போனை வைத்த பிறகு சிரிப்பு தங்கவில்லை. சிறுத்தை போகட்டும், அது பேப்பரில் வந்தது. பேப்பரில் வராதவையும் அவனுக்குத் தெரியும்.

மே 10, சனி

அவனிடம் சொல்லாமல் கிளம்பினேன். நூரின் மப்ளர், குரங்குத் தொப்பி. வத்தலகுண்டு தாண்டி மலை ஏறியதும் காற்று மாறியது. செக்போஸ்டில் கார் வரிசை. மேல்மலையில் இறங்கும்போது முட்டி இரண்டும் கல்.

காட்டேஜ் எனக்கே அடையாளம் தெரியவில்லை. வாசலில் பழைய டைப்ரைட்டர் ஒன்று. நான் டைப்ரைட்டர் தொட்டதே கிடையாது. தங்கராசு சமையல்கட்டில் இருந்தான். விருந்தாளிகளோடு விருந்தாளியாக நெருப்புக்கு இந்தப் பக்கம், கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

'நான்' வந்தார். சிவத்த ஆள், என்னைவிடக் கொஞ்சம் உயரம், தோளில் ஜோல்னாப் பை. நல்ல குரல். என்னைவிட நன்றாகச் சொல்கிறார், அதையும் எழுதிவிட வேண்டும்.

சிறுத்தை. அடுத்து தேர்தல் நாளில் வாக்குப்பெட்டி வேன் சேற்றில் மாட்டிய கதை. அதன்பின், "தாடிக்கொம்புப் பக்கம் ஒரு கிராமம். குடகனாத்துல மணல் அள்ளுனாங்க..."

குளிர் எனக்குள்ளிருந்து வந்தது.

ஒரு இளைஞன் கேட்டான்: "உங்களுக்கு யாரு சார் தகவல் சொன்னது?"

அந்த மனிதர் நெருப்பில் ஒரு குச்சியைப் போட்டார். காத்திருந்தார். "மணல் அள்ளுன கூட்டத்துக்குத் தலைவன் இருந்தான்ல? அவன் தம்பி பொண்டாட்டி. ஆத்து வளைவுல மல்லிகைத் தோட்டம் அவளுக்கு. குடிக்கிற கெணறு வத்திப்போச்சுன்னு, சொந்தக் கொழுந்தனையே காட்டிக் குடுத்துட்டா. இன்னைக்கு வரைக்கும் அந்த வீட்டுல யாருக்கும் தெரியாது."

கைதட்டல். மூன்று பேர் போனில் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

கொழுந்தன் இல்லை, கணவனின் அண்ணன். அந்தத் தவறைத் திருத்தத் தோன்றிய என் புத்தியை என்ன சொல்ல.

மே 11, ஞாயிறு

மணல் செய்தி கிடைத்த அன்று ஆற்றங்கரையில் நாங்கள் மூன்று பேர். நான், தங்கராசு, அந்தப் பெண். பெயர் இங்கேயும் வேண்டாம். க. என்று வைக்கிறேன். "உங்க ரெண்டு பேரோட போகட்டும்ணே" என்றார். நான் தலையசைத்தேன். தங்கராசு கேமராவைக் கண்ணில் ஒற்றிச் சத்தியம் செய்தான். யாரும் கேட்காமலே.

காலையில் வராந்தாவில் வைத்துக் கேட்டேன். அவன் காரட் நறுக்கிக்கொண்டிருந்தான்.

"பொம்பள பேரச் சொல்லலையே பாய்."

"ஆத்து வளைவு. மல்லிகைத் தோட்டம். தம்பி பொண்டாட்டி. இனி பேரு எதுக்கு?"

"அது பழைய கதை. இப்ப ஆருக்கு ஞாபகம்?"

"அந்த வீட்டுல இருக்கறவங்களுக்கு."

"சரி, இனிமே சொல்ல வேணாம்ங்கறேன். ஆனா ஒண்ணு, அந்தக் கதைக்குத்தான் பாய் கைதட்டு. அத எடுத்துட்டா மனுசன் வெறும் சிறுத்தைய வச்சு எம்புட்டு நேரம் ஓட்டுவாரு?" கத்தியைத் துடைத்தான். "அது கெடக்கட்டும். பக்கத்துப் பூண்டுக் காடு வெலைக்கு வருது. இன்னொரு நாலு ரூம் போட்டுருவமா? ஒரு வார்த்த சொல்லுங்க."

அவன் தலைகுனிந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவனுக்கு எதுவும் நடந்த மாதிரியே தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னான். கிடைத்த முதல் பஸ்ஸில் இறங்கிவிட்டேன்.

மே 12, திங்கள்

அதிகாலை பூ மார்க்கெட். க. மல்லிகை கொண்டுவந்திருந்தார். தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார், ஆனால் தராசு இறங்கும் வரை பேசவில்லை. பிறகு சாக்கை உதறிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்: "என்னண்ணே?"

சொன்னேன். எல்லாவற்றையும்.

"ரெண்டு பேருக்குத்தான் தெரியும்னீக."

"ரெண்டு பேருக்குத்தான் தெரிஞ்சிருந்துச்சு."

ஒரு ஆள் கூடையை இடித்துக்கொண்டு போனான், "ஏக்கா, வழிய விடு." நகர்ந்து நின்றார்.

"பெரியவரு மணல் கேசுல ஜெயிலுக்குப் போயி வந்தப்பறம் தொழில் போச்சு. அவுக பொண்டாட்டியும் போய்ச் சேந்துட்டாக. இப்ப எங்க வீட்டுலதான் இருக்காரு. என் மகளுக்கு மாப்ள பாத்து முடிச்சதே அவருதான். நாந்தான் சோறு போடுறேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "அந்தப் படம் எங்க ஊருக்கு வந்துருமா?"

"வந்துரும்."

"அவரு உங்களத் தேடித்தான் வருவாரு. பொய் எழுதாத மனுசன்னுதான் அன்னைக்கி உங்ககிட்ட வந்தேன்." இப்போதுதான் நேராகப் பார்த்தார். "பொய் சொல்லுவீகளாண்ணே?"

நான் வாயைத் திறப்பதற்குள் டவுன் பஸ் வந்துவிட்டது. கூடையோடு ஏறிப் போய்விட்டார்.

மே 13, செவ்வாய்

அழுக்கு விரிப்பு மூட்டை மேலேயிருந்து வந்தது. சலவைக்குப் போடவில்லை. கூடத்தில் கிடக்கிறது. மின்விசிறி ரெகுலேட்டர் மாற்றினேன். நூர் இரண்டு முறை மூட்டையைத் தாண்டிப் போனாள்.

தங்கராசுவிடமிருந்து போன். எடுக்கவில்லை. அப்புறம் ஒரு படம் அனுப்பினான்: பூண்டுக் காடு, நான்கு மூலையிலும் குச்சி நட்டு.

மே 15, வியாழன்

இரவில் நல்ல மழை. தெருவில் தண்ணீர்.

காலை பதினோரு மணிக்குப் பெரியவர் வந்தார். எங்கள் பேகம்பூரில் விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார். அன்று கோர்ட் வாசலில் என் சட்டையைப் பிடித்த அதே கைகள். இப்போது ஒரு கையில் கம்பு, ஒரு கையில் போன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து படத்தை ஓடவிட்டார். நெருப்பு, ஜோல்னாப் பை, கைதட்டல்.

"ரிப்போர்ட்டர்ங்கறான். இது நீ இல்லையே?"

"நான் இல்ல. கூலிக்கு நடிக்கிற ஆளு. சிறுத்தைக் கதையும் பொய்யாத்தான் சொல்றான். எட்டு ஆடுங்கறான், ரெண்டுதான்."

"ஆட்ட விடு." கம்பை மடியில் கிடத்தினார். "மூணு வேளையும் எனக்குத் தட்டு வைக்கிறவப்பா அவ. ரெண்டு நாளா அந்தச் சோத்துல கை வைக்க முடியல. நீ சொல்லு. அவதானா?"

"அவங்க இல்ல."

"அப்ப ஆரு?"

அடுத்த கேள்வி இதுதான் என்று மூன்று நாளாகத் தெரியும். 'நானே பார்த்தேன்' என்று சொல்வதாக இருந்தேன். வாயில் வந்தது வேறு.

"என் கூட வந்த போட்டோகிராபர். தங்கராசு. ராத்திரி லாரி போறத அவந்தான் பாத்துட்டு வந்து சொன்னான்."

பெரியவர் போனை அணைத்தார். "அந்தக் கேமராக்காரனா? எங்க வீட்டுச் செம்புல தண்ணி வாங்கிக் குடிச்சான்ல அன்னைக்கி." நம்பிவிட்டார். இவ்வளவு சுலபமாக நான் எழுதிய உண்மைகளை யாரும் நம்பியதில்லை. கம்பை ஊன்றி மூச்சு விட்டார், சுமை இறக்கியவர் மாதிரி. "அந்தப் புள்ளயப் போயி ரெண்டு நாளா மூஞ்சியக் கூடப் பாக்கலையே நானு."

நூர் டீ கொண்டுவந்து வைத்தாள். நகரவில்லை.

"இப்ப எங்க இருக்கான் அவன்?"

"மேல்மலையில. காட்டேஜ் நடத்துறான்."

"தனியாவா, கூட்டா?"

நூர் என்னைப் பார்த்தாள்.

"தனியாத்தான்" என்றேன்.