சப்பரத்துக்கு ஆகாத தோள்

1912 ஆகஸ்ட் 15, வியாழன் இரவு. சேன் பியேர்.

மாதா சப்பரத்தின் முன்தண்டை வருஷாவருஷம் என்னோடு தூக்குகிறவன் சூசை. எங்கள் இருவருக்கும் ஒரே உயரம். இன்று சாமியார் அவனைக் கோவில் வாசலிலேயே விலக்கிவிட்டார். அவனும் அந்தோணியும் புருஷன் பெண்சாதி போல ஒரே வீட்டில் வாழ்கிறார்கள் என்று யாரோ அவரிடம் ஓதியிருக்கிறார்கள்.

நான் போய்க் கேட்டேன். "நான் ஆளைத் தீர்ப்பிடலேப்பா. செய்கையைத்தான் கண்டிக்கிறேன்" என்றார்.

அப்படியானால் ஆள் ஏன் வெளியே நிற்கிறான்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சப்பரம் புறப்பட்டுவிட்டது.

சூசைக்குப் பதிலாக நிறுத்தியவன் குள்ளன். அவன் தோள் தண்டுக்கு எட்டவே இல்லை. சூசை அதைக் கவனித்துவிட்டான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தான் தோளில் வைக்கத் தைத்திருந்த துணித் திண்டை என் தோளுக்கும் தண்டுக்கும் நடுவே செருகினான்.

"ஒங்க பக்கம்தான் பாரம் எறங்கும் அண்ணே. இத வச்சுக்குங்க."

அப்புறம் கடைசி வரிசைக்குப் போய் அந்தோணியோடு நடந்தான்.

ஊர் முழுக்கச் சுற்றியும் தோள் வலிக்கவில்லை. திண்டு வேர்வை ஈரத்தோடு மேசைமேல் கிடக்கிறது. காலையில் இதைச் சாமியாரிடம் கொண்டுபோய்க் காட்டப் போகிறேன். செய்கையைத்தானே பார்க்கிறார்? இதுவும் சூசையின் செய்கைதான்.