பூட்டிய கதவும் பொலஸ் தூளும்

ஒக்டோபர் 7, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. அம்பிட்டியப் பக்கம் மலையே தெரியவில்லை. மல்லி காயாது. இன்று வறுப்பு இல்லை.

பள்ளிக்கூடம் போகாதவன் நான். சாக்கு மூட்டை மேலிருந்ததைப் பார்த்துப் பார்த்துப் படித்த எழுத்து இது. ஞாபகம் போய்விடும் என்று எழுதவில்லை. அது கல் மாதிரி இருக்கிறது. வீட்டில் நடப்பது சரியில்லை. அதற்காக.

மருமகள் கலா புதுத் தராசு வாங்கியிருக்கிறாள். பற்றரியில் ஓடுவது. எதற்கு? நம் கறித்தூளுக்கு அளவு என் கை. மகன் செல்வம் வறுப்பான், அரைப்பான். ஆனால் வறுத்த சாமானைச் சேர்த்துக் கலப்பது நான்தான், அறைக்குள் கொண்டி போட்டுக்கொண்டு. செல்வமே உள்ளே வந்ததில்லை.

முன்பு என் தம்பி பக்கத்தில் நின்று பார்ப்பான். ஒரே வருடம். கோயிலுக்குப் போய் வருகிறேன் என்று கிளம்பினான். நீலச் சட்டை, கையில் என் குடை. திரும்பவில்லை. என் அளவை வைத்தே கடுகண்ணாவையில் தூள் கடை போட்டான். அன்று போட்ட கொண்டி.

சாப்பிடும்போது கலா ஆரம்பித்தாள். "மாமா, பொலஸ் கறிக்குன்னே தனியா ஒரு தூள் போடுவோம். பிஞ்சுப் பலாக்காய நறுக்கி பாக்கெட்ல விக்கிறாங்க. அதுக்கு ஏத்த தூள்தான் யாருக்கிட்டயும் இல்ல."

வேண்டாம் என்றேன்.

"மிளகாய் பேஸ்ட் போடுவோம்னேன், வேணாம். மீன் தூள்னேன், வேணாம். இந்த வீட்டுக்குப் புதுசா வந்தது நான் ஒருத்திதான்."

செல்வம் சிரித்தான். எதற்குச் சிரிக்கிறான்?

ஒக்டோபர் 8, புதன்

தூறல். முழங்கால் வலி. சலிக்கும் வலை ஓரம் கிழிந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

முகம் சவரம் செய்துகொண்டிருந்தேன். குசினியில் கலா போனில், கம்பளையில் கடை வைத்திருக்கும் அவள் அண்ணனோடு. "மாமா அசைய மாட்டாரு அண்ணே. மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம். இல்லாட்டி நாங்க ரெண்டு பேரும் அங்கயே வந்துர்றோம். உங்க கடைக்குப் பின்னால அந்த அறை சும்மாதானே கெடக்கு."

தாடையில் வெட்டிக்கொண்டேன்.

செல்வமும் போவானா? போவான். காலையில் என் முகத்தைப் பார்க்கவில்லை. மில்லில் நான் ஒருவன் மட்டும் நின்று என்ன செய்ய? போகட்டும். ஆனால் என் அளவோடு போகக் கூடாது.

ஒக்டோபர் 9, வியாழன்

வெயில். மல்லி காய்ந்தது. யோசித்து ஒரு வேலை செய்தேன்.

கலாவைக் கூப்பிட்டேன். "பொலஸ் தூள்தானே, போட்டுப் பாரு. என் கலவையில ஒரு விஷயம் இருக்கு. அரிசியக் கரியா வறுக்கணும்."

பொய். நான் அரிசியைப் பொன்னிறத்தில் இறக்கிவிடுவேன். இதை அவள் அண்ணனுக்குக் கொண்டுபோய், கம்பளையில் கருந்தூள் தொங்கினால் திருட்டு கையும் களவுமாகப் பிடிபடும்.

"கரியாவா மாமா?"

"கரியா."

"சரி மாமா." வாயோரம் ஏன் கோணியது?

ஒக்டோபர் 12, ஞாயிறு

தெரிந்தவர் வீட்டு இழவுக்கு என்று சொல்லிவிட்டு கம்பளை பஸ்ஸில் ஏறினேன். நின்றுகொண்டே பயணம்.

கலாவின் அண்ணன் கதிரையைத் துடைத்துப் போட்டான். "வாங்க மாமா, வாங்க! பிளேன்டீ ஒன்னு குடிங்க." நான் கடையைத்தான் பார்த்தேன். தொங்கிக்கொண்டிருந்தது. எட்டுப் பாக்கெட். பெயர் இல்லை, படம் இல்லை.

ஒன்றைப் பிரித்தேன். கரி இல்லை. கோப்பி நிறம். முகர்ந்தேன். எழுதவே பிடிக்கவில்லை. வாயில் எச்சில் ஊறியது.

ஒரு அம்மா வந்தாள். "அந்தப் பொலஸ் தூள் இன்னும் ரெண்டு குடுங்க. எங்க வீட்டுல சட்டிய வழிச்சுத் தின்னுட்டாங்க."

பெயர் ஏன் போடவில்லை என்று கேட்டேன். "தங்கச்சி விடல மாமா. போட்டா உங்க பேரத்தான் போடணுமாம். நீங்க ஒத்துக்காட்டி இப்ப மிச்சம் தொங்குறதோட நிறுத்திறணுமாம்."

சொல்லிக் கொடுத்துச் சொல்கிறானோ? திரும்பி வரும் வழியெல்லாம் அதே யோசனை.

ஒக்டோபர் 13, திங்கள்

மேகமூட்டம். நேரே கேட்டேன். "நான் கரியான்னு சொன்னேன். நீ ஏன் முன்னாடியே எறக்கின?"

கலா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "ஒன்பது வருசமா அந்தக் கதவுக்கு வெளிய நிக்கிறேன். அரிசி தீஞ்ச வாசம் ஒரு நாளும் வரல. நீங்க பொய் சொல்றீங்கன்னு அப்பவே தெரியும்."

"அப்ப ஏன் வறுத்த?"

"பொய்யா இருந்தாலும் பாதி தூரம் போய்ப் பார்ப்போம்னுதான். கோப்பி நிறத்துல நல்ல வாசம் வந்திச்சு. எறக்கிட்டேன்."

பிறகு சொன்னாள். மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், கறுவாப்பட்டை, ஏலம், கராம்பு, கறிவேப்பிலை, அரிசி. எது எத்தனை கை, எது முதலில். டின் மூடி திறக்கும் சத்தத்தை எண்ணினாளாம். ஒன்றும் தப்பில்லை.

"கதவத்தான் மாமா பூட்டினீங்க. வாசத்தப் பூட்டலையே."

"எப்பயிருந்து தெரியும்?"

"ரெண்டாவது வருசத்துலயிருந்து."

தம்பி ஒரு வருடத்தில் போனான். இவள் தெரிந்துகொண்டு ஏழு வருடம் வெளியே நின்றிருக்கிறாள். ஏன்? ஏதோ கணக்கு இருக்க வேண்டும். என்ன கணக்கு என்று பிடிபடவில்லை.

ஒக்டோபர் 14, செவ்வாய்

நல்ல வெயில். கலவை நாள். டின்கள் எல்லாவற்றையும் காலையில் நானே நிரப்பினேன்.

கொண்டி போட்டேன். பழக்கம். கலந்து முடித்து மூடப் போகும் நேரம், வெளியிலிருந்து கலா:

"மாமா, கறுவா போடலையா?"

"போட்டாச்சு."

"வாசம் வரலையே மாமா."

என்னைச் சோதிக்கிறாளா? நான் அவளுக்குச் செய்ததைத் திருப்பிச் செய்கிறாளா? கறுவா டின்னைத் திறந்தேன். காலையில் நிரப்பியது அப்படியே. ஒரு துண்டு குறையவில்லை.

டின்னைக் கீழே வைத்தேன்.

கொண்டியை எடுத்தேன். வந்தாள். தும்மினாள். எவ்வளவு என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. போட்டாள்.

"அந்தப் பொலஸ் பாக்கெட்டுல என்ன பேரு போடப் போற?" என்றேன்.

"உங்க பேருதான் மாமா."

"உன் பேரையும் சேர்த்துப் போடு."

செல்வம் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. வாடா என்றேன்.

கறுவா என் கையைவிட ஒரு துண்டு கூட விழுந்த மாதிரி இருந்தது. நாளையும் கதவு திறந்தே இருக்கட்டும். இனி நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.