என் கை பதிந்த டிரம்

செவ்வாய், இரவு.

சாலைப் பணியில் பாதுகாப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வந்த வெளியாள் நான். காலையில் விருத்தாசலம் செராமிக் கம்பெனிகளுக்குப் போகும் ரோட்டில், வடிகாலுக்குத் தோண்டிய பள்ளத்தை ஒட்டிச் சிவப்பு வெள்ளை டிரம்கள் வரிசையாக நின்றன. ஒன்றைத் தொட்டேன். பெயிண்ட் காயவில்லை. என் உள்ளங்கை அதில் அப்படியே பதிந்துவிட்டது.

சாயங்காலம் அதே வழியாகத் திரும்பினால், டிரம்களை மினி லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

"எங்கய்யா கொண்டு போறீங்க?" என்று கத்தினேன்.

சூப்பர்வைசர் கூச்சமே இல்லாமல் சிரித்தார். "நாளைக்கு நல்லூர் சைட்டுக்கு வரீங்கல்ல சார்? அங்கயும் வைக்கணுமில்ல."

"ஷிப்டு முடிஞ்சு பொம்பளைங்க ஸ்கூட்டியில வருவாங்க. இருட்டுல பள்ளம் தெரியுமா?"

"உங்களுக்காகத்தான் சார் இவ்ளோவும் செய்யுறோம்!"

எனக்காகவாம். அந்தப் பள்ளத்தில் விழப்போவது நானா?

எல்லாவற்றையும் இறக்கி வைக்கச் சொல்லி, கடைசி டிரம் இறங்கும்வரை நின்றுவிட்டுத்தான் பஸ் ஏறினேன். பஸ் நகர்ந்த பிறகு என்ன செய்தார்களோ. சூப்பர்வைசருக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை.

கை பதிந்த அந்த டிரம் நாளை நல்லூரில் நின்றால், இங்கே ராத்திரி முழுக்கப் பள்ளம் திறந்து கிடந்திருக்கிறது என்று அர்த்தம்.

சோப்புப் போட்டும் பெயிண்ட் போகவில்லை. நாளை நல்லூரில் என் கைத்தடம் என் கண்ணில் படக்கூடாது.